ஓரம் தெரியக் கூடாது

திருத்தணி
6-1-1946

அன்புமிக்க பாவாவுக்கு, ரெபேக்காள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவ கிருபையால் அத்தையும் நானும் சுகம். பனிக்கு அத்தைக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் அதிகம், பயப்படும்படி இல்லை. உங்கள் சுகமும் பிரேமகுமாரி அக்கா சுகமும் அறிய ஆவல்.

வருஷப் பிறப்பன்று மலையில் படிபூஜை. ரயில் கொள்ளாத கூட்டம். அந்தக் கூட்டத்தோடு ஒரு ஆள் இறங்கி, "பட்டாளத்துக்காரரு வூடு எது?" என்று கேட்டுக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டான். பெயர் கண்ணையன். அவனும் பாலம் போடுகிற சாப்பர் பட்டாளம்தான், ஆனால் என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, இருந்த கம்பெனி இல்லை. சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, ஏதோ தீவுக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவன். அங்கே கைதி காம்பில் காய்ச்சலில் போனவர்களின் சாமானை ஒரு பால் டின்னில் போட்டுப் புதைத்து வைத்திருந்தார்களாம். விடுதலையானதும் ஹவில்தார் அதைத் தோண்டி எடுத்து, இவனிடம் ஒரு மெடலைக் கொடுத்து, "இது திருத்தணி பக்கம்" என்றாராம்.

"யாருதுன்னு நான் கேக்கலம்மா. எனக்கு இங்கிலீஷும் வராது. செத்தவங்க சாமான், அவ்ளோதான் தெரியும். உங்க வூடுன்னாங்க, குடுத்துட்டேன்" என்றான். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டான்.

புலி போட்ட மெடல் பாவா. வஜீரிஸ்தான் சண்டைக்காக உங்கள் தம்பிக்குக் கிடைத்ததே, அதே. ஆனால் திருவாலங்காட்டு ஜெயபாலுக்கும் அதே நாளில் அதே மெடல்தானே கொடுத்தார்கள்? இரண்டு பேரும் ஒரே கம்பெனி. இரண்டு பேரையும் 'காணவில்லை' என்றுதான் சர்க்கார் இன்றைக்கும் சொல்லுகிறது. இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அந்தப் பட்டாளத்தில் இல்லை. ஆக, இது ஒன்று இவருடையது, அல்லது ஜெயபாலுடையது.

நீங்கள் மியூசியத்தில், அந்தச் செத்த காலேஜில், காசு அலமாரியைக் காவல் காப்பவர். ஒரே அச்சில் அடித்த இரண்டில் எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? அத்தைக்கு எதுவும் தெரியாது. பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் ஜெபத்தில் எங்களை நினைக்கவும்,
ரெபேக்காள்


சிந்தாதிரிப்பேட்டை, சென்னை
15-1-1946

சௌபாக்கியவதி ரெபேக்காளுக்கு ஜெபதுரை ஆசீர்வாதம். நாங்கள் நலம். அம்மாவுக்குத் திப்பிலிக் கஷாயம் விடாமல் கொடுத்து வா.

கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லுகிறேன். இங்கே எங்கள் வேலையும் அதுதான். காசு, மெடல் இவற்றின் அங்கங்களுக்கெல்லாம் தமிழில் பெயர் வைக்க ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள், நான் அதில் எழுத்தர். ராஜாவின் தலை இருக்கும் பக்கம் முகப்பு. புலி இருக்கிற பக்கம் பின்புறம். தெருப் பிள்ளைகள் தலை, பூ என்று எப்போதோ முடித்துவிட்டார்கள், கமிட்டிதான் இன்னும் சண்டை போடுகிறது. சுற்றி ஓடும் எழுத்து வாசகம். எழுத்தும் உருவமும் இல்லாத வெறும் இடம் வெளி. முகத்தைச் சுற்றி எழுந்து நிற்கும் மேடு விளிம்பு.

கடைசியாக ஓரம். மெடலை மேசைமேல் சக்கரம்போல நிறுத்தினால், மேசையைத் தொடுகிற பாகம். ரூபாய்க் காசில் அங்கேதான் பல் பல்லாகக் கோடு இருக்கும். உன்னிடம் இருக்கிற மாதிரி மெடலில் அங்கே நம்பர், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். ஓரத்தைப் பார். பார்த்து உடனே எழுது.

ஆண்டவர் துணை,
ஜெபதுரை


திருத்தணி
4-2-1946

அன்புமிக்க பாவாவுக்கு ரெபேக்காள் ஸ்தோத்திரம். கஷாயத்தில் அத்தைக்கு இரைப்பு தணிந்தது. ரேஷன் அரிசியில்தான் கல் அதிகம். அக்காவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். முகப்பில் ராஜா, தலையில் கிரீடம், இடது பக்கம் பார்க்கிறார். மூக்கு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பின்புறத்தில் புலி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்னால் மலை. மேலே இந்தியா என்று வாசகம். புலியின் வயிற்றுக்குக் கீழே வெளியில் ஒரு பள்ளம், கல் பட்டது போல. நாடாவின் பச்சை அப்படியே இருக்கிறது, சிவப்பு சாயம் போய்விட்டது, நடுவில் மணல் நிறம். தொங்கவிடும் கழுத்து சற்றே ஆடுகிறது. விளிம்பு சேலைக் கரை போலச் சுற்றிலும் சீராக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. போதுமா? கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கலாம்.

நேற்று ராப்போஜன ஆராதனைக்கு லோயிஸ் வந்திருந்தாள். ஜெயபால் பெண்சாதி. வழக்கம்போல வெல்லம் கொண்டுவந்தாள். கோயில் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுனா சேதி வந்துச்சா அக்கா?" என்றாள். இல்லை என்றேன்.

வேறு என்ன சொல்லட்டும்?

ரெபேக்காள்


சிந்தாதிரிப்பேட்டை
20-2-1946

ரெபேக்காளுக்கு ஜெபதுரை எழுதுவது. இங்கு யாவரும் சுகம். அக்காவின் கால் தேவலை.

எல்லாம் எழுதினாய். நாடாவின் சாயம் வரைக்கும் எழுதினாய். நான் கேட்டது ஓரம், நீ எழுதியது விளிம்பு. இங்கிலீஷ் படித்து ஐந்தாம் வகுப்புக்கு வாத்தியாரம்மாவாக இருக்கிறவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நான் நம்ப வேண்டுமா? மெடலைப் பக்கவாட்டில் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

யுத்தத்தில் சர்க்கார் வெள்ளியைக் குறைத்து ரூபாய் அடித்தபோது, கள்ளக் காசைத் தடுக்க ஓரத்தில்தான் ஒரு பள்ளக் கோடு போட்டார்கள். முகத்தை எவனும் வார்த்துவிடுவான், ஓரத்தை வார்ப்பது கஷ்டம். அதனால்தான் நாங்கள் முதலில் ஓரத்தைப் பார்ப்போம். நீயும் பார்த்துவிடு அம்மா. தெரியாமல் இருப்பதைவிடத் தெரிவது நல்லது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெபதுரை


திருத்தணி
3-4-1946

பாவாவுக்கு ரெபேக்காள் எழுதுவது. எல்லாரும் சுகம்.

உங்கள் கடிதத்தின் தலைப்பில் ஒரு சொல் குறைந்திருக்கிறது. நம் சபையில் யாரும் எழுதாத சொல் அது. நீங்கள் மட்டும், கல்யாணமாகி நான் வந்த நாள் தொட்டு எனக்கு 'சௌபாக்கியவதி' என்று போட்டுத்தான் எழுதுவீர்கள். இந்தத் தடவை வெறும் ரெபேக்காள். உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் பார்த்தீர்களா ஓரத்தை? யாரைக் கேட்டு அந்தச் சொல்லை எடுத்தீர்கள்? கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்புறமும் ஆத்திரம் அடங்கவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடித்தேன்.

ஆமாம், நான் பார்க்கவில்லை. மெடலை ஒளித்து வைத்திருக்கிற பருப்பு டப்பாவிலிருந்து எடுக்கும்போதே இரண்டு விரலால் முகத்தையும் முதுகையும் தட்டையாகப் பிடித்துத்தான் எடுப்பேன். பக்கவாட்டில் திரும்பாமல் பார்த்துக்கொள்வேன். மெடலை எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. ரேஷன் வரிசையில் நிற்கும்போது வீட்டுக்கு ஓடிவந்து அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் வரிசைக் கடைசியில் போய் நிற்கிறேன். ஜனங்கள் எனக்கு என்னவோ என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அதனால் போன வாரம் தங்கவேல் பத்தரிடம் கொண்டுபோனேன். சவரனைச் சங்கிலியில் கோப்பதற்குச் சுற்றி வளையம் கட்டுவார்களே, அந்த மாதிரி பித்தளையில் வளையம் கட்டச் சொன்னேன். "ஓரம் தெரியக் கூடாது பத்தரே" என்றேன். மறுநாளே கட்டிக் கொடுத்துவிட்டார். நன்றாக இருக்கிறது. இனிமேல் நீங்கள் ஓரத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

ரெபேக்காள்


சிந்தாதிரிப்பேட்டை
8-4-1946

சௌபாக்கியவதி ரெபேக்காளுக்கு,

நலம். நலமறிய அவா.

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? பெயர் இருக்கிற ஒரே இடத்தை மூடி வளையம் கட்டுவார்களா? வளையத்தை உடனே கழற்றச் சொல். அவன் என் தம்பி. எனக்கும் தெரிய வேண்டும்.

இந்த மாசக் கடைசியில் நானே வருகிறேன். எதையும் செய்யாதே, தொடாதே, நான் வரும்வரை பொறு.

ஜெபதுரை


திருத்தணி
13-5-1946

அன்புள்ள பாவாவுக்கு ரெபேக்காள் ஸ்தோத்திரம். வெயில் மலைக்கல்லில் பட்டு ஊரே அடுப்பாக இருக்கிறது. அத்தை படுத்த பாயை விட்டு எழுந்திருப்பதில்லை. அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

மாசக் கடைசி போய்விட்டது. அடுத்த மாசமும் பாதி ஆகிவிட்டது. காலையில் வண்டி ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம். உங்களுக்காகக் கத்தரிக்காய் வாங்கி வைத்து, வாடி, தூர எறிந்து, மறுபடி வாங்கினேன். 'எனக்கும் தெரிய வேண்டும்' என்று எழுதினீர்களே, ஏன் வரவில்லை? கமிட்டியா? முழங்கால் வலியா? ஜனவரியிலிருந்து எனக்குப் பார் பார் என்று எழுதுகிறீர்களே தவிர, ஒருநாளாவது ரயில் ஏறினீர்களா? நான் ஓரத்தை விட்டு விளிம்பு என்று எழுதினால் மட்டும் திருத்தத் தெரிகிறது.

லோயிஸுக்கு அவள் அண்ணன் கோலார் தங்கவயலில் வேலை பேசிவிட்டான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, இருக்க வீடும் தருகிறார்களாம். போகமாட்டேன் என்கிறாள். "அவரு வந்து பாக்கச் சொல்லோ பூட்டு தொங்குனா எங்க போவாரு அக்கா?" என்கிறாள். சேதி உண்டா என்று இப்போது அவள் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ எளச்சிகினே போறியே" என்று எனக்கு வெல்லத்தை இரண்டு பங்காகக் கொடுக்கிறாள். உங்கள் தம்பிக்குத்தான் முதலில் ஜெபம் பண்ணுகிறாளாம், அப்புறம்தான் ஜெயபாலுக்கு. கேட்டதும் எனக்கு அவள்மேல் வெறுப்பு வந்தது பாவா. உண்மையாகவே வந்தது.

ரெபேக்காள்


சிந்தாதிரிப்பேட்டை
2-7-1946

சௌபாக்கியவதி ரெபேக்காளுக்கு ஜெபதுரை ஆசீர்வாதம். அம்மாவின் சுகத்துக்கு எழுது. நாங்கள் இருக்கிறோம்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு முழங்கால் காரணம் இல்லை. மே மாசம் ஒருநாள் சென்ட்ரலில் டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். வண்டி வந்தது, போய்விட்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து பிரேமகுமாரியிடம் வண்டி தப்பிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. அன்று முதல் எனக்குச் சோறு வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். நான் பயந்தாங்கொள்ளி அம்மா. அலமாரியில் இருக்கிற ஆயிரம் செத்த ராஜாக்களின் பெயரை வாசிப்பேன். இந்த ஒரு பெயரை வாசிக்கத் தைரியம் இல்லை. உன்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, கடிதத்தில் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்தேன். நாய்ப் பிழைப்பு.

ஆனால் லோயிஸைப் பற்றி எழுதினாயே, அதை வாசித்தபின் ஒன்று உறைத்தது. நாம் இரண்டு பேரும் இந்த மெடல் நம்முடையதா இல்லையா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நம்முடையது இல்லையென்றால் அது அவளுடையது. அவள் வீட்டுச் சாவை நாம் பருப்பு டப்பாவில் வைத்திருக்கிறோம். அவள் போக வேண்டிய ஊருக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

எதுவாக இருந்தாலும் சரி. வளையத்தைக் கழற்று.

ஜெபதுரை


திருத்தணி
26-7-1946

பாவாவுக்கு.

அத்தை சுகம். நான் எழுதுவதைச் சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, பத்தர் கடை திறந்ததும் போனேன். உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டுத்தான் போனேன். யார் பெயராக இருந்தாலும் சத்தமாக வாசித்துவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பத்தர் குறட்டால் வளையத்தை நெம்பி எடுத்து மெடலை என் கையில் வைத்தார். நிறுத்திப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை பாவா. வழவழவென்று இருக்கிறது. கண்ணாடி மாதிரி.

"எழுத்து எங்கே பத்தரே?" என்றேன்.

"எழுத்தா? பொடிசா என்னமோ கீறி இருந்துச்சிம்மா. வளையம் கெட்டியா ஒக்காரணும் இல்ல? அதான் சுத்தியும் அரம் போட்டு ராவிட்டேன். வேணுமின்னே அழகா ராவினேன், பாருங்க, ஒரு சொரசொரப்பு இருக்கா?"

"அது பெயர் பத்தரே."

"எனக்கு இங்கிலீஷ் எங்கம்மா தெரியும்? நீங்கதானே ஓரம் தெரியக் கூடாதுன்னீங்க? எந்தக் காசுக்கு வளையம் கட்டினாலும் ராவாம எப்படிக் கட்டறது? சொல்லி இருக்கக் கூடாதா?"

அவரை என்ன சொல்ல? நல்ல மனுஷன், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ராவின தூளையாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பைத்தியக்காரக் கேள்வி. உருக்கிவிட்டாராம்.

உங்கள் பூதக்கண்ணாடியில் ஏதாவது தெரியுமா? ஒரே ஒரு எழுத்தாவது?

ரெபேக்காள்


சிந்தாதிரிப்பேட்டை
30-7-1946

சௌபாக்கியவதி ரெபேக்காளுக்கு,

சுகம் விசாரிக்க இது சமயம் இல்லை.

அரம் பட்ட எழுத்து கண்ணாடியில் தெரியாது. ஒரு கோடு மிஞ்சியிருந்தாலும் உன் கண்ணுக்கே தெரிந்திருக்கும். பொய் சொல்லி உன்னை ரயில் ஏற்ற எனக்கு மனம் இல்லை. உன்மேல் தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். ஜனவரியிலேயே நான் வந்திருந்தால் பத்தர் கைக்கு அது போயிருக்காது.

லோயிஸிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாகப் போகாதே. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், இரண்டு பேருமாகத் திருவாலங்காட்டுக்குப் போகலாம். இந்தத் தடவை வருவேன்.

ஜெபதுரை


திருவாலங்காடு
4-8-1946

பாவாவுக்கு ரெபேக்காள் ஸ்தோத்திரம். அத்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன், சுகமாக இருக்கிறார்கள். அக்காவுக்கும் உங்களுக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும்.

சனிக்கிழமை வண்டி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நீங்கள் இறங்கவில்லை. நானும் கோபப்படவில்லை. இன்றைக்குக் கோயிலுக்குப் போகாமல் நேரே இங்கே வந்துவிட்டேன்.

லோயிஸ் கரும்புச் சோகை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் வந்துட்டாரா?" என்று ஓடிவந்தாள். உங்கள் தம்பி வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள் பாவா. எனக்காகச் சந்தோஷப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணையன் வந்தது, டப்பா, வளையம், அரம், ஒன்று விடாமல் சொன்னேன்.

சோகைக் கட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம், "எப்ப வந்துச்சு?" என்றாள்.

"வருஷப் பிறப்புக்கு" என்றேன்.

"நான் மாசா மாசம் வந்தேனே அக்கா."

"வந்தாய்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மெடலை வாங்கிப் பார்த்தாள். ராஜா தலையைப் பார்க்கவில்லை, புலியைப் பார்க்கவில்லை, நேரே ஓரத்தில் விரலை வைத்துச் சுற்றிவந்தாள். என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"இது அவருதுன்னே நான் வச்சிக்கறேன். குடு அக்கா. எனக்குக் காத்துகினு இருந்து இருந்து ஒடம்புல ஒண்ணும் இல்ல. கருப்புச் சேல கட்டிகினு, அழுதுட்டு, எங்க அண்ணன்கூடப் போறேன். நீ எதுக்கு யோசிக்கற? ஒனக்கு நல்லதுதானே? நான் வாங்கிகினா ஒன் புருசன் சாவல."

அவள் சொன்னது சரிதான். ஜனவரியிலிருந்து நான் தேவனிடம் முட்டிமோதிக் கேட்டதும் அதுதான். இது என்னுடையதாக இருக்கக் கூடாது, யாராவது இதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இதோ ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு கேட்கிறாள்.

என்னால் கொடுக்க முடியவில்லை பாவா. கொடுத்துவிட்டால், நாளைக்கு அவர் வரவே இல்லையென்றால், அவருடையது என்று தொட்டுப் பார்க்க என்னிடம் என்ன இருக்கிறது? லோயிஸ் என் விரலைப் பிரிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் இழுத்தோம். அவள் கையில் என் நகம் பட்டு ரத்தம் வந்துவிட்டது.

இதை அவள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மத்தியான வண்டி போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை, அவளும் போ என்று சொல்லவில்லை. மெடல் என் இடது கையில் இருக்கிறது. லோயிஸ் எதிரில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ரெபேக்காள்